இரவு வயலுக்கு எந்த டார்ச் நம்பகமானது?

மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் ஊர்களில் விவசாயியின் வேலை நேரத்தை மின்சாரம்தான் தீர்மானிக்கிறது. நள்ளிரவில் மோட்டாரைப் போட வேண்டும். மடை மாற்ற வேண்டும். வாய்க்கால் உடைந்தால் அடைக்க வேண்டும். விடிவதற்குள் ஒரு முறையாவது வரப்பைச் சுற்றி வர வேண்டும். நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் பன்றிக் காவல் இருப்பவர்களுக்கு இரவு முழுவதும் வயலில்தான் பொழுது. இத்தனை வேலைகளிலும் கூடவே வரும் கருவி டார்ச் லைட். மண்வெட்டியையும் தெளிப்பானையும் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், டார்ச்சை மட்டும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதில் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடி விரியன் காய்ந்த சருகோடும் மண்ணோடும் நிறம் கலந்து கிடக்கும். காலுக்கு முன்னால் இரண்டு அடி தூரம் தெளிவாகத் தெரிகிறதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. பாதி வரப்பில் அணைந்துபோகும் டார்ச், டார்ச்சே இல்லாததைவிட ஆபத்தானது. வெளிச்சத்தை நம்பித்தானே அவ்வளவு தூரம் போயிருப்போம்.

கடந்த சில ஆண்டுகளாக விலை குறைந்த பல வகை டார்ச்சுகளை வயல் ஆய்வுகளில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். செல்லும் ஊர்களில் விவசாயிகளிடமும் இதைப் பற்றிக் கேட்டு வருகிறேன். அதில் தெரிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூன்று தலைமுறை டார்ச்

முதல் தலைமுறை, இரண்டு கட்டை, மூன்று கட்டை பேட்டரி போடும் தகர டார்ச். இழை பல்பு என்பதால் வெளிச்சம் மஞ்சளாகவும் குறைவாகவும் இருக்கும். ஆனால் கோளாறு என்றால் பல்பு, பேட்டரி, சுவிட்ச் தகடு என்று மூன்றே இடம்தான். வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பேட்டரியைக் கழற்றாமல் மாதக் கணக்கில் வைத்திருந்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும் என்பதுதான் அதன் பெரிய குறை.

இரண்டாவது தலைமுறை, பின்பக்கம் பிளக் முள் நீட்டிக்கொண்டிருக்கும் சார்ஜ் டார்ச். இன்றும் கிராமங்களில் அதிகம் இருப்பது இதுதான். சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். இதன் பழைய மாதிரிகள் பலவற்றில் உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. "வாங்கி ஆறு மாதம் நல்லா எரிஞ்சது, அப்புறம் பத்து நிமிஷம்கூட நிக்கல" என்பதுதான் இந்த டார்ச்சைப் பற்றி நான் அதிகம் கேட்ட புகார். இதற்குக் காரணம் பெரும்பாலும் பயன்படுத்தும் முறைதான். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவைத்தால், களர் நிலத்தில் உப்பு பூப்பது போல ஈயத் தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது.

இந்த ரகத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மலிவான சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் மின்சாரம் ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேராக உள்ளே இறங்குகிறது. அதாவது, சார்ஜ் ஏறும்போது டார்ச்சின் உள்பாகங்களில் வீட்டு மின்சாரமே ஓடிக்கொண்டிருக்கும். வெடித்த மூடியோடு, ஈரக் கையோடு அதைத் தொடக் கூடாது. சார்ஜ் ஏறும்போதே போட்டுப் பார்ப்பதும் கூடாது. பிள்ளைகள் எட்டும் இடத்தில் சொருகிவைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது தலைமுறை, கழற்றி மாட்டக்கூடிய லித்தியம் செல் போடும் அலுமினியக் குழல் டார்ச். கைக்குள் அடங்கும். டார்ச் சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட வெளிச்ச ஆர்வலர்களைக் குறிவைத்து, பெரும்பாலும் சீனாவில் தயாராகிறது. ஆர்வலர் ரகம் என்றாலும் விலை அதிகமில்லை. செல்லோடு சேர்த்து ஏறக்குறைய 1,500 ரூபாயில் இருந்து கிடைக்கிறது. இணையத்தில் வாங்கும் பழக்கம் கிராமங்களுக்கும் வந்த பிறகு, வரப்பிலும் இந்த டார்ச் தென்படத் தொடங்கியிருக்கிறது. 'ஒரு முறை வாங்கினால் பல வருஷம்' என்று சொல்லி விற்கப்படும் இது, வயல் வேலைக்குத் தாக்குப்பிடிக்குமா?

வாங்கியவர்களுக்குப் பிடித்தவை

முதல் பாராட்டு வெளிச்சத்தின் அளவுக்கு. இரண்டாவது, பல படிகளில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது. மோட்டார் கொட்டகைக்குள் ஃபியூஸ் பார்க்கக் குறைந்த வெளிச்சம் போதும். வாய்க்கால் கரையை அந்தக் கோடி வரை பார்க்க அதிக வெளிச்சம் வேண்டும். ஒரே டார்ச்சில் இரண்டும் கிடைக்கிறது.

மூன்றாவது, செல்லை மாற்ற முடிவது. பையில் இன்னொரு செல் இருந்தால் இரவு முழுவதும் கவலையில்லை. செல் வயதானாலும் டார்ச்சைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நான்காவது, செல்பேசி சார்ஜரிலேயே சார்ஜ் போட முடிவது. பைக்கிலும் டிராக்டரிலும் யு.எஸ்.பி. முனை இருந்தால் அங்கேயும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ரகத்தில் வெளிச்சத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். சந்தை டார்ச்சுகள் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையாக, அதாவது 6,500 கெல்வின் அளவில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் மண், சருகு, வைக்கோல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான வெளிச்சத்தில் பழுப்பு நிற வேறுபாடுகள் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு இரவில் இலை தின்னும் புரொடீனியா புழுவை நிலக்கடலையில் தேடும்போது இந்த வித்தியாசத்தை நன்றாக உணர முடிந்தது. நீலம் குறைந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் மொய்ப்பதும் குறைவு.

அடிக்கடி வரும் குறைகள்

பாராட்டுக்கு இணையாகக் குறைகளும் இருக்கின்றன. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் எங்கேயாவது கை வைத்துத்தானே ஆக வேண்டும். இவற்றில் பெரும்பாலும் எல்.இ.டி.யில் கை வைப்பதில்லை. சோதனையில் பிடிபடாத சின்னச் சின்ன இடங்களில்தான் கை வைக்கிறார்கள்.

* மரைப் பகுதி: டார்ச்சின் தலையும் வாலும் திருகி மூடுபவை. அந்த மரையில் கிரீஸ் தடவாமலே பல டார்ச்சுகள் வருகின்றன. திருகினால் மணல் அரைப்பது போலச் சத்தம் வரும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்தோ, நசுங்கியோ, ஓரத்தில் வெட்டுப்பட்டோ இருக்கும். நான் வாங்கிய ஒன்றில், வந்த அன்றே கண்ணாடிக்குக் கீழே இருந்த வளையம் ஒரு பக்கம் வெளியே பிதுங்கியிருந்தது. பெட்டியில் 'தண்ணீர் புகாது' என்று அச்சிட்டிருந்தார்கள்.

* சுவிட்ச்: வால்பக்க சுவிட்சின் ரப்பர் மூடி முதலில் கிழிகிறது. அதன் வழியாக ஈரம் இறங்கினால் தொடும் இடங்கள் கறுத்துப்போகும். பிறகு தட்டினால் எரியும், ஆட்டினால் அணையும்.

* உள்ளே தளரும் வளையம்: மின்சுற்றுத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம் தளர்ந்துவிடுவதுண்டு. வண்டியில் அதிர்ந்து அதிர்ந்து போகும்போது இது அதிகமாகிறது. விளக்கு சிமிட்டுவதற்குப் பாதி நேரங்களில் இதுதான் காரணம். மெல்லிய குறடால் வளையத்தை இறுக்கினால் சரியாகிவிடும்.

* சும்மா இருக்கும்போதே இறங்கும் சார்ஜ்: பக்கவாட்டில் மின்னணு சுவிட்ச் உள்ள டார்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல வடிவமைப்பில் இது மிகச் சொற்பம். மோசமானதில் 1 மில்லி ஆம்பியர் அளவுக்குப் போனால், 3,000 எம்.ஏ.எச். செல் 125 நாளில் காலியாகிவிடும். ஒரு பருவம் பெட்டியில் வைத்துவிட்டு எடுத்தால் எரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

* சார்ஜ் முனை: சில மலிவான டார்ச்சுகளில் 'சி' முனை இருந்தாலும், இரண்டு பக்கமும் 'சி' முனை உள்ள புதிய செல்பேசிக் கேபிளில் சார்ஜ் ஏறாது. அந்த முனையில் வைக்க வேண்டிய இரண்டு சிறிய மின்தடைகளைக் காசு மிச்சம் பிடிக்க விட்டிருப்பார்கள். இதைக் கண்டு டார்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஒரு பக்கம் பழைய அகலமான முனை உள்ள கேபிளைப் பயன்படுத்தினால் சார்ஜ் ஏறும்.

* தேவையில்லாத வேலைகள்: ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதிகம், நடுத்தரம், குறைவு, படபடவென்று வெட்டும் வெளிச்சம் என்று சுற்றிவரும் டார்ச் வயலுக்கு ஆகாது. வரப்பில் ஏதோ நெளிகிறது என்று வெளிச்சத்தைக் கூட்டப்போனால் கண்ணைக் கூசவைக்கும் வெட்டொளி வரும். அந்த இரண்டு நொடி போதும், பாம்பு இருந்த இடம் தவறிப்போக.

* தானாக எரிவது: சட்டைப் பையிலோ மடியிலோ இருக்கும்போது சுவிட்ச் அழுந்தி முழு வெளிச்சத்தில் எரிந்தால் துணியைக் கருக்கும் அளவுக்குச் சூடாகும். வால் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பெரும்பாலான டார்ச்சுகளில் இணைப்பு துண்டிக்கப்படும். சார்ஜ் தானாக இறங்குவதும் நிற்கும்.

முன்பக்கத்தை இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் 'ஜூம்' டார்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தையில் அதிகம் விற்பது அதுதான். முன்னும் பின்னும் நகரும் தலையைத் தண்ணீர் புகாமல் மூடுவது கடினம். தலையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். காற்றோடு தூசியும் பனி ஈரமும் போகும். சேற்று வயலுக்கு அது ஏற்றதல்ல.

பெட்டியில் உள்ள எண்கள்

வாங்குபவர்களை அதிகம் ஏமாற்றுவது பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்தான். '10,000 லூமென்', '9,900 எம்.ஏ.எச்.', '1 கிலோமீட்டர்' என்று இருக்கும். இவற்றைச் சரிபார்க்கப் பாசனக் கணக்குத் தெரிந்தால் போதும்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, மோட்டார் மணிக்கு எவ்வளவு இறைக்கிறது என்று தெரிந்தால், எத்தனை மணி நேரம் ஓடும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். டார்ச்சில் தொட்டி என்பது செல். இந்த ரகத்தில் அதிகம் இருப்பது 18650 என்ற செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சாம்சங், எல்ஜி, பானாசோனிக் போன்ற நிறுவனங்களின் தரமான செல்களிலேயே கொள்ளளவு சுமார் 3,400, 3,500 எம்.ஏ.எச்.தான். அந்த அளவு குழலுக்குள் 9,900 எம்.ஏ.எச். என்று யாராவது அச்சிட்டிருந்தால் அது பொய். ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் மூன்று படி அளக்க முடியாது.

3,500 எம்.ஏ.எச். என்பதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி. அதுதான் தொட்டி முழுவதும் உள்ள தண்ணீர். மின்சுற்று இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ரக டார்ச்சில் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். 1,000 லூமெனில் எரிய 10 வாட் வேண்டும். அப்படியானால் ஒன்றே கால் மணி நேரத்தில் செல் காலி. 'ஆயிரம் லூமென், பத்து மணி நேரம்' என்ற அச்சு ஒரே செல்லில் நடக்காது. அதே செல் 150 லூமெனில் எட்டு மணி நேரம் வரை தாங்கும். வரப்பில் நடக்க 100 முதல் 200 லூமென் தாராளமாகப் போதும். நமக்குத் தேவையான எண் அந்த நடுத்தர வெளிச்சம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே.

முழு வெளிச்சத்தில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் வெளிச்சம் இறங்கிவிடுகிறது என்பது இன்னொரு புகார். இது பெரும்பாலும் பழுதல்ல. கைக்குள் அடங்கும் அலுமினியக் குழல் 10 வாட் சூட்டைத் தொடர்ந்து வெளியேற்ற முடியாது. எல்.இ.டி. கருகாமல் இருக்க மின்சுற்று தானே வெளிச்சத்தைக் குறைக்கிறது. பெட்டியில் உள்ள பெரிய எண் அந்த முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். எரியும் நேரத்தை அளக்கும் பன்னாட்டு முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போட்டு 30 நொடிக்குப் பிறகு இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை அதை எரியும் நேரமாகவே கணக்கிடுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தோடு நாலு மணி நேரம் ஓடியதும் அதில் சேர்ந்துவிடும்.

தொலைவிலும் இப்படித்தான். 200 மீட்டர் பாயும் என்றால், 200 மீட்டரில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவு என்று பொருள். தொலைவு பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆகவே, பன்றியா கன்றுக்குட்டியா என்று அடையாளம் காண, பெட்டியில் போட்ட தொலைவில் நாலில் ஒரு பங்கை நம்பலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மழைத்தூவான் ஒரே பீச்சாகத் தூரத்துக்கு அடிக்கும். சிறு தெளிப்பான் பக்கத்தில் பரவலாகத் தூவும். டார்ச்சும் இப்படி இரண்டு வகை. குவிந்த வெளிச்சம் காவலுக்கு நல்லது. நடப்பதற்கும் மடை மாற்றுவதற்கும் பரவலான வெளிச்சம்தான் வேண்டும். குவிந்த வெளிச்சத்தில் நடந்தால் வட்டத்துக்குள் கண் கூசும், வட்டத்துக்கு வெளியே இருள் இன்னும் கறுப்பாகத் தெரியும். பாம்பு வட்டத்துக்கு வெளியே இருந்துவிடலாம்.

வாங்கிய வாரத்திலேயே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்துவிட வேண்டும். செலவு எதுவும் இல்லை.

1. செல்லைக் கழற்றி எடை போடுங்கள். தரமான 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம்தான் இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம்.

2. முழுச் சார்ஜ் ஆன பிறகு செல்பேசி பழுதுபார்க்கும் கடையில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 4.15 முதல் 4.2 வரை இருக்க வேண்டும். 4.2-ஐத் தாண்டிப் போனால் அந்த டார்ச்சின் சார்ஜ் அமைப்பை நம்பக் கூடாது.

3. நடுத்தர வெளிச்சத்தில் விட்டத்தைப் பார்த்து நிறுத்திவைத்து, அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். எத்தனை மணி நேரம் நடக்கப் போதுமான வெளிச்சம் இருந்தது என்று எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் டார்ச்சின் உண்மையான எண்.

4. சுவிட்சை 50 முறை போட்டு அணையுங்கள். டார்ச்சை உள்ளங்கையில் தட்டுங்கள். ஒரு முறைகூடச் சிமிட்டக் கூடாது.

5. ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்து, கண்ணாடிக்குள் பனி படிகிறதா என்று பாருங்கள். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான் தாங்கும். அதை வாளியில் போடக் கூடாது.

லித்தியம் செல்லின் மேல் ஐ.எஸ். 16046 என்ற தரமும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ரசீது கேட்டு வாங்குங்கள். அச்சிட்டதற்கும் கிடைத்ததற்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்து, விற்றவரும் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். வெளிநாட்டில் இருந்து நேரடியாக வரவழைக்கும் டார்ச்சுக்கு உத்தரவாதம் எழுத்தில் இருந்தாலும், லித்தியம் செல்லோடு திருப்பி அனுப்புவது நடைமுறையில் பெரும்பாடு. உள்நாட்டு விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது இந்த விஷயத்தில் நஷ்டமில்லை.

பராமரிப்பு

ஈய அமில பேட்டரிக்கும் லித்தியம் செல்லுக்கும் பராமரிப்பு நேர் எதிர். ஈய அமில டார்ச்சை, பயன்படுத்திய அன்றே முழுச் சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். லித்தியம் செல்லை மாதக் கணக்கில் எடுத்துவைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில் வைப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. அன்றாடம் பயன்படுத்தும்போது முழுச் சார்ஜ் போடலாம். மங்கத் தொடங்கியதும் சார்ஜ் போட்டுவிட வேண்டும். முழுவதும் அணையும்வரை விடக் கூடாது.

வெயிலில் நிற்கும் டிராக்டரின் மேலும், தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையிலும் லித்தியம் செல்லை விட்டுவைக்கக் கூடாது. வைக்கோல், பருத்தி, சாக்கு அருகில் சார்ஜ் போடக் கூடாது. மேல் உறை கிழிந்த செல், உப்பிய செல் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது.

உரம் வைக்கும் அறையில் டார்ச்சை வைப்பது நம்மிடம் உள்ள பெரிய தவறு. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுப்பவை. அந்த உப்பு ஈரம் பட்டால் ஸ்பிரிங்கும் செம்புத் தகடும் பச்சை பூத்துவிடும். வயலில் இருந்து வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை மரையைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் துளியளவு தடவ வேண்டும். வண்டிக்குப் போடும் கிரீஸ் சில வகை ரப்பர் வளையங்களை உப்பச்செய்து கெடுத்துவிடும்.

இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொள்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மருந்து தெளித்த கையால் பிடித்த டார்ச் அது. மருந்து நேராக உள்ளே போகும். லித்தியம் செல் கோளாறானால் முகத்திலேயே வெடிக்கும். அதற்குத்தான் நெற்றியில் கட்டும் டார்ச் இருக்கிறது. ஆனால் நடக்கும்போது நெற்றி டார்ச்சை மட்டும் நம்ப வேண்டாம். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தே போவதால் பொருட்களின் நிழல் நமக்குத் தெரியாது. மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். மார்கழிப் பனியில் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். கையில் பிடித்த டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால், தரையில் கிடப்பது எதுவாக இருந்தாலும் நீண்ட நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

பழைய பேட்டரியைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் எறியக் கூடாது. உடைத்தும் பார்க்கக் கூடாது. ஈயம் மண்ணில் சேர்ந்தால் போகாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையில் கொடுத்து விடலாம்.

டார்ச்சால் முடியாதது

எவ்வளவு நல்ல டார்ச்சாக இருந்தாலும் அது பாம்பை விரட்டாது, நமக்குக் காட்டிக்கொடுக்க மட்டும்தான் செய்யும். முழங்கால் அளவு பூட்ஸும் கையில் ஒரு கம்பும் வேண்டும். கால் அதிர நடப்பதும் உதவும். யானை நடமாடும் ஊர்களில், டார்ச் அடித்தால் ஓடிவிடும் என்று நம்பி நெருங்கக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு விலகி நிற்பதுதான் வழி.

பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், கயிறு இவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் இருக்கலாம். வலிக்கவில்லை என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது.

எதை வாங்கலாம்?

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவழிக்க முடிந்தவர்களுக்கு, கழற்றும் செல், வால்பக்க சுவிட்ச், நகராத தலை, பரவலான வெளிச்சம், வெட்டொளி இல்லாத எளிய இயக்கம், குறைந்தது ஐ.பி.எக்ஸ் 7 தண்ணீர்த் தடுப்பு என்ற ஆறும் உள்ள ஆர்வலர் ரக டார்ச் நல்ல முதலீடு. வாங்கியதும் வளையங்களைப் பார்த்து, கிரீஸ் தடவி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டால் அதன் பாதிக் குறைகள் அப்போதே தீர்ந்துவிடும். நிறுவனம் செய்யாமல் விட்ட கடைசி வேலையை நாம் செய்துகொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவு முடியாதவர்கள் சார்ஜ் டார்ச்சையே வாங்கலாம். அன்றன்று சார்ஜ் போட்டு வைத்தால் அதுவும் உழைக்கும். எதை வாங்கினாலும் இரண்டாவதாக ஒரு சிறு டார்ச் இடுப்பிலோ பையிலோ இருக்கட்டும். முதல் டார்ச் அணைந்தால் அந்த இடத்தில் இருந்து வீடுவரை வர அது போதும். செல்பேசி வெளிச்சத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரத்துக்கு 108-ஐ அழைக்க அதில் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும்.